பவளத் தொட்டியில் அழையா விருந்தாளிகள்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கடையிலிருந்து ஒரு கட்டு நீர்ச்செடி வாங்கி வந்து தொட்டியில் நடுகிறோம். பத்துப் பதினைந்து நாள் சென்றபின் பார்த்தால், கண்ணாடிச் சுவரின்மீது கடுகளவு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றை நாம் விலை கொடுத்து வாங்கவில்லை, அழைக்கவும் இல்லை. இலையின் அடியில் கூழ்போல் ஒட்டியிருந்த முட்டைகளிலிருந்து அவை வெளிவந்தன. செடிக்குத்தான் காசு கொடுத்தோம். நத்தை இலவசமாக வந்து சேர்ந்தது!

நன்னீர்த் தொட்டிக்கு வரும் விருந்தாளிகள் பெரும்பாலும் நத்தையோடு நின்றுவிடுவர். கடல்நீர் நிரப்பிப் பவள உயிர்களை வளர்க்கும் தொட்டியிலோ வருவோரின் வரிசை மிக நீளமானது. நண்டு வரும், புழு வரும், கடற்சாமந்தி வரும், நட்சத்திர மீன் வரும், சில வேளைகளில் கொடிய நஞ்சும் வரும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களில் பலர் இத்தகைய பவளத் தொட்டிகளைத் தம் வீட்டுக் கூடத்திலேயே வைத்து வளர்க்கின்றனர். எதிர்பாராமல் வந்த விருந்தாளிகளை அவர்கள் எவ்வாறு இனங்காண்கின்றனர், எவ்வாறு நடத்துகின்றனர் என்று ஆராய்ந்தால், விலங்கியல் பாடத்தோடு வாழ்க்கைப் பாடம் ஒன்றும் நமக்குக் கிடைக்கும்.

உயிருள்ள கல்

பவளம் என்பது கல்லன்று, செடியுமன்று. குழியுடலித் தொகுதியைச் சேர்ந்த சிற்றுயிர்களின் கூட்டம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அச்சிற்றுயிர்கள் தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டை அமைத்துக்கொள்கின்றன. உயிர் மடிந்தபின் கூடு எஞ்சுகிறது. தேனடையைப் போலத் துளைகள் நிறைந்த அந்தக் கூட்டின் உள்ளும் புறமும் பாக்டீரியாக்களும் பாசிகளும் கடற்பஞ்சுகளும் புழுக்களும் குடியேறுகின்றன. பார்வைக்கு வெறும் கல். உள்ளே ஒரு சிற்றூரே இயங்குகிறது. ஆகவே தொட்டி வளர்ப்போர் இதற்கு ‘உயிருள்ள கல்’ என்று பெயரிட்டனர்.

இக்கல்லைக் கொண்டு வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முன்னோடி, இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். 1960-களின் தொடக்கத்தில் கடல்நீர், உயிருள்ள கல், கதிரொளி, காற்றுக்குமிழ் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே அவர் தம் தொட்டிகளைப் பேணினார்.

கல் செய்யும் வேலை யாது? மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீன்களுக்கு நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உயிர்வளி குறைந்த உட்துளைகளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்களே தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள். கல் இன்றேல் தொட்டி நாறும். கல் வந்தாலோ அதன் துளைகளில் ஒளிந்திருப்போரும் உடன் வருவர். நன்மையும் தொல்லையும் ஒரே வண்டியில் வந்து இறங்குகின்றன.

நியூகீ நகரின் நான்கடிப் புழு

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூகீ என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்குள்ள ‘புளூ ரீஃப்’ மீன் காட்சியகத்தில், 2009-ஆம் ஆண்டில் வெளியுலகுக்குத் தெரியவந்த நிகழ்ச்சி இது. பவளத் தொட்டியில் பவளங்கள் வெட்டுண்டு கிடந்தன; மீன்கள் காயம்பட்டன. குற்றவாளி யார் என்று தெரியவில்லை. இரை வைத்தனர், இரை மறைந்தது. பொறி வைத்தனர், பொறி சிதைந்தது. வேறு வழியின்றித் தொட்டியிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினர். அப்போது வெளிப்பட்டது, ஏறத்தாழ நான்கடி நீளமும் வலிய தாடைகளும் உடைய ஒரு கடற்புழு!

அப்புழு குஞ்சாக இருந்தபோது ஏதோ ஒரு கல்லின் துளைக்குள் இருந்தபடியே வந்து, யாரும் அறியாமல் வளர்ந்திருக்க வேண்டும் என்று காட்சியகத்தார் கருதினர். பிடித்த புழுவை அவர்கள் கொன்றுவிடவில்லை. ‘பேரி’ என்று பெயரிட்டுத் தனித் தொட்டி ஒன்றில் வாழவிட்டனர். குற்றம் புழுவினுடையதன்று, அதனைப் பாராமல் உள்ளே விட்டவர்களுடையதே அன்றோ!

தேர்ந்த பணியாளர்கள் உள்ள காட்சியகத்திலேயே இவ்வாறு நிகழுமெனில், வீட்டுத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்தவுடன், கல்லில் வரும் உயிர் யாவற்றையும் உடனே கொன்றுவிடுவதே நல்லது என்று நமக்குத் தோன்றலாம். அது சரியா என்பதை இனிக் காண்போம்.

புழுவெல்லாம் பகையன்று

மண்புழுவும் அட்டையும் அடங்கிய வளைதசைப் புழுத் தொகுதியில், உடலின் இரு புறமும் வெண்மயிர் அடர்ந்த கடற்புழுக்கள் பல உள்ளன. இரவில் விளக்கடித்துப் பார்ப்பவர் இவை கல்லின் துளையிலிருந்து தலைநீட்டுவதைக் கண்டு அருவருப்பர். அந்த மயிர் கண்ணாடித்தூள் போலத் தோலில் குத்தி எரிச்சல் உண்டாக்குவதும் உண்மையே. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை, மீன்கள் உண்ணாமல் விட்ட இரையையும் இறந்த உயிர்களின் உடலையும் தின்று தொட்டியைத் தூய்மை செய்பவை. இவற்றை முழுவதும் ஒழித்துவிட்டால், இடுக்குகளில் சேரும் அழுகல் நீரைக் கெடுத்துவிடும்.

கரீபியக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் ‘நெருப்புப் புழு’ மட்டும் உயிருள்ள பவளத்தையே தின்னும். அதனையும் இதனையும் வேறுபடுத்தி அறியாதவர் தோட்டியையும் திருடனையும் ஒன்றாகவே நடத்துவார்.

வெட்டினால் பெருகும் சாமந்தி

‘ஐப்டேசியா’ என்னும் சிறு கடற்சாமந்தி, தொட்டி வளர்ப்போர் மிகவும் அஞ்சும் விருந்தாளி. கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டும், அதன் உச்சியில் மெல்லிய உணர்நீட்சிகளும் உடையது. பார்க்க அழகாகவே இருக்கும். அவ்வுணர்நீட்சிகளில் உள்ள கொட்டும் செல்களால் அருகிலுள்ள பவளங்களைச் சுட்டுப் பின்வாங்கச் செய்யும்.

இதைக் கண்டவர் முதலில் செய்வது, கத்தியை எடுத்துச் சுரண்டுவது. அதுவே பெருந்தவறு. ஐப்டேசியாவின் அடிப்பாதத்திலிருந்து ஒரு சிறு துண்டு கல்லில் தங்கினாலும் போதும். அத்துண்டு புதியதோர் ஐப்டேசியாவாக வளர்ந்துவிடும். வயலில் கோரையை மேலே பறித்தால் அடியிலுள்ள கிழங்கு மீண்டும் முளைப்பதைப் பார்த்திருக்கிறோம். அதே கதைதான் இங்கும். ஒன்றைச் சுரண்டியவர் ஒரு மாதத்தில் பத்தைக் காண்பார்.

அறிந்தவர் செய்வது வேறு. சுண்ணாம்புக் குழம்பைச் சிறிய ஊசிக்குழலால் அதன் வாயிலேயே இட்டு அழிப்பர். ஐப்டேசியாவை விரும்பித் தின்னும் ஒருவகைச் சிவப்புக்கோட்டு இறாலை விடுவர். ‘பெர்கியா’ என்னும் ஓடில்லாத சிறு கடல்நத்தையின் உணவு ஐப்டேசியா மட்டுமே. தொட்டியில் ஐப்டேசியா தீர்ந்துவிட்டால் அந்நத்தை பட்டினியால் மடிந்துவிடும். ஆதலால் வேலை முடிந்ததும் அதனை வேறொருவர் தொட்டிக்கு மாற்றிக் கொடுப்பது நல்வழக்கம்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. தொட்டியில் பகைவனாகிய இதே ஐப்டேசியா, ஆய்வுக்கூடத்தில் நண்பன். பவளத்தைப் போலவே இதன் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் கூட்டுயிராக வாழ்ந்து உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. கடல்நீர் சூடேறும்போது பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளுத்துப்போவதேன் என்று ஆராய்வோர்க்கு, மெல்ல வளரும் பவளத்தைவிட விரைவாகப் பெருகும் ஐப்டேசியாவே ஏற்றது. 2015-இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. எந்தக் குணத்திற்காக இதனை வெறுக்கிறோமோ, அந்தக் குணமே வேறோரிடத்தில் பயன்படுகிறது.

நள்ளிரவில் ஓர் ஓசை

வீடு உறங்கும் வேளையில் தொட்டியிலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கிறது. காலையில் பார்த்தால் எல்லாம் முன்போலவே இருக்கின்றன. இவ்வோசைக்கு உரியவர் இருவரில் ஒருவராக இருக்கலாம்.

முதலாமவர் மாண்டிஸ் இறால். கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடித்து வைத்திருப்பதால் இப்பெயர். இவ்வினத்தில் சில, முன்காலின் குண்டு போன்ற பகுதியால் நத்தை ஓட்டையும் நண்டின் ஓட்டையும் அடித்து உடைத்துத் தின்னும். மயில் நிறமுடைய ஒரு மாண்டிஸ் இறாலின் அடி, விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை செல்வதாக 2004-இல் அளந்து கூறினர். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகம் அது, அதுவும் நீருக்குள்! காலையில் உடைந்த நத்தை ஓடுகள் கிடந்தாலோ, மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தாலோ, இவர் உள்ளே இருக்கிறார் என்று ஐயுறலாம்.

இரண்டாமவர் பிஸ்டல் இறால். இதன் இரு கைகளில் ஒன்று பெருத்திருக்கும். அதனைப் படீரென மூடும்போது நீர் பீச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. ஓசை எழுவது நகங்கள் மோதுவதாலன்று, அக்குமிழி உடைவதாலே என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. ஓசை பெரிதாயினும் இவரால் மீன்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. இவ்வினத்தில் சில, உளுவை இனத்து மீனோடு ஒரே வளையில் குடித்தனம் செய்கின்றன. இறாலுக்குக் கண்பார்வை குறைவு. மீனுக்கோ வளை தோண்டத் தெரியாது. ஆகவே இறால் வளையைத் தோண்டிப் பழுதுபார்க்கிறது. மீன் வாசலில் காவல் நிற்கிறது. இறால் வெளியே வரும்போது தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை அசைக்கும். இருவரும் உள்ளே ஓடிவிடுவர்.

இருவர் எழுப்புவதும் ஒரே ஓசைதான். ஒருவர் கொள்ளையர், மற்றவர் நல்ல அயலார். ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

காவல்கார நண்டுகள்

நண்டுகளிலும் இவ்வாறே. உடல் முழுதும் மயிரும், கரிய நக நுனியும் உடைய நண்டுகள் வளர்ந்தபின் மீன்களையும் பவளங்களையும் தாக்கக்கூடும். ஆனால் பவளக் கிளைகளுக்கிடையே வாழும் ‘டிரபீசியா’ என்னும் சிறு நண்டுகள், தாம் குடியிருக்கும் பவளத்திற்குக் காவலர்கள். பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனின் கால்களைக் கிள்ளி விரட்டுகின்றன.

பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா தீவில் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. சில பவளங்களிலிருந்து இந்நண்டுகளை அகற்றிவிட்டுக் கடலில் வைத்துப் பார்த்தனர். நண்டில்லாத பவளங்கள் பல ஒரு மாதத்திற்குள் மடிந்தன, நண்டுள்ளவை பிழைத்தன. பவளத்தின்மேல் படியும் மணலையும் வண்டலையும் அந்நண்டுகளே இடைவிடாது துடைத்துவந்தன என்பது அப்போது தெரிந்தது. ‘நண்டு’ என்றவுடன் இடுக்கியை எடுப்பவர் தம் பவளத்தையே கொல்பவர் ஆகலாம்.

செய்ய வேண்டிய முறை

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. பவளத் தொட்டிக்கு அது முற்றிலும் பொருந்தும். தேர்ந்த வளர்ப்போர் பின்பற்றும் முறைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, தனிமை. புதிய கல்லை நேரே தொட்டியில் இடாமல், கடல்நீரும் காற்றோட்டமும் தக்க வெப்பமும் உள்ள வேறொரு கலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். வாசலில் நிறுத்திப் பெயர் கேட்பது எளிது. வீட்டுக்குள் புகுந்தபின் வெளியேற்றுவது கடினம்.

இரண்டாவது, உப்புக் குளியல். இயல்பான கடல்நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.025. அதனை 1.035 அளவுக்கு உப்பேற்றி, அந்நீரில் கல்லை ஓரிரு நிமிடம் அமிழ்த்தினால், துளைக்குள் இருக்கும் நண்டு, இறால் முதலியவை தாமே வெளியே ஓடிவரும். திரவமானி கொண்டு அளந்து செய்வது நன்று.

மூன்றாவது, இரவுக் காவல். விருந்தாளிகள் பெரும்பாலும் இரவில் உலவுபவர். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிப் பார்த்தால் பல உயிர்கள் ஓடி ஒளியமாட்டா. கண்டதைக் குறிப்பேட்டில் படம் வரைந்து, நாளும் நேரமும் எழுதி வைத்தல் வேண்டும்.

நான்காவது, இனங்காணல். வரைந்த படத்தை நூல்களோடும் அறிந்தவரோடும் ஒப்பிட்டு, வந்தவர் நண்பரா, பகைவரா, இரண்டுமல்லரா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டுமல்லாதவரே மிகுதி. அவரை விட்டுவிடுவதே முறை.

ஐந்தாவது, அகற்றல். அகற்றியே தீரவேண்டுமெனில், தொட்டி முழுவதையும் கெடுக்கும் மருந்தை ஊற்றாமல், அந்த ஓர் உயிரை மட்டும் பிடிக்கும் வழியைத் தேட வேண்டும். சிறிய கண்ணாடிக் குவளையில் ஒரு துண்டு இறாலை இட்டுக் கல்லின்மீது சாய்த்து வைத்தால், இரவில் நண்டு உள்ளே இறங்கிவிடும். வழுக்கும் கண்ணாடியில் ஏறி வர இயலாது. மாண்டிஸ் இறால் இருக்கும் கல்லை வெளியே எடுத்து, துளையில் சோடா நீரை ஊற்றினால் அது வெளிப்படும்.

நமக்கே ஆபத்து

இதுவரை தொட்டிக்கு வரும் கேட்டைக் கண்டோம். வீட்டாருக்கே கேடு வரும் வழி ஒன்றும் உண்டு. பெற்றோர் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் நலம்.

‘சோயாந்திட்’ என்னும் பொத்தான் வடிவ உயிர்கள் கல்லின்மீது கூட்டமாக ஒட்டியிருக்கும். இவற்றில் சில வகைகளில் ‘பாலிடாக்சின்’ என்னும் நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் கிடைத்த இவ்வின உயிரிலிருந்து இந்நஞ்சைப் பிரித்தெடுத்ததை அறிவியலார் வெளியிட்டனர். இயற்கையில் காணப்படும் மிகக் கொடிய நஞ்சுகளுள் இது ஒன்று. விருந்தாளிகளை ஒழிக்கிறோம் என்று எண்ணிக் கல்லைக் கொதிக்கும் நீரில் இட்டால், அந்நஞ்சு ஆவியோடு கலந்து மூச்சின் வழியாக உள்ளே செல்லும். தூரிகையால் தேய்த்தால் தெறித்துக் கண்ணிலும் புண்ணிலும் படும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைத் தூய்மை செய்தபோது இந்நஞ்சு பரவியது. அக்குடும்பத்தினரோடு, உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினர் சிலரையும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது.

ஆகவே கல்லைக் கொதிக்க வைக்கக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடக்கூடாது. சிறுவர் தனியே இவ்வேலையில் இறங்கவே கூடாது. அவசரத்தில் எடுத்த ஆயுதம் எடுத்தவரையே தாக்கும்.

வெளியே எறிந்தால் முடிந்துவிடுமா?

பிடித்த விருந்தாளியை என்ன செய்வது? ‘கடலிலிருந்து வந்தது, கடலிலேயே விட்டுவிடுவோம்’ என்று இரக்கமுள்ள உள்ளம் எண்ணும். அவ்விரக்கம் எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்குக் ‘காலர்பா’ என்னும் பச்சைப் பாசியின் வரலாறு சான்று.

பெரணி இலை போன்ற இப்பாசி அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்பட்டது. வெப்பக் கடலுக்குரிய இதில், குளிரையும் தாங்கும் ஒரு வகை மீன் காட்சியகங்களில் பரவியது. 1984-இல் மொனாக்கோ நாட்டின் கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே, மத்தியதரைக் கடலடியில், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் இப்பாசி காணப்பட்டது. ஒரு பாய் விரிக்கும் இடம், யாரும் பொருட்படுத்தவில்லை. 1989-இல் அது ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் ஆயிற்று. 1990-களின் இறுதிக்குள் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், குரோவேசியா நாடுகளின் கரைகளுக்கும் சென்றுவிட்டது. இதன் ஒரு சிறு துண்டு போதும், புதிதாக வேரூன்றும். நங்கூரங்களும் வலைகளும் துண்டுகளைச் சுமந்து சென்றன. இது மீன் காட்சியகங்களில் வளர்ந்த வகையே என்று 1998-இல் மரபணு ஆய்வு காட்டியது. பிற்காலத்தில் பல இடங்களில் இது தானே குறைந்தது. எனினும் அதற்குள் எத்தனையோ கடற்புல் வெளிகள் மூடுண்டுபோயின.

2000-ஆம் ஆண்டில் இதே வகைப் பாசி கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் நகரின் உப்பங்கழியில் காணப்பட்டது. அமெரிக்கர் காலந்தாழ்த்தவில்லை. முக்குளிப்போரை இறக்கி, பாசித்திட்டுகளைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரினைச் செலுத்தினர். முற்றும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று; செலவு 70 லட்சம் டாலருக்கும் மேல். யாரோ ஒருவர் தொட்டியைக் கழுவி வெளியே கொட்டிய ஒரு பிடிப் பாசிக்கு இவ்வளவு விலை!

ஆகவே தொட்டி உயிரையும் பாசியையும் கடலிலோ ஆற்றிலோ சாக்கடையிலோ விடலாகாது. உயிரை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது நியூகீ காட்சியகத்தாரைப் போலத் தனிக் கலத்தில் வைத்துப் பேணலாம். பாசியை உறைபெட்டியில் ஒரு நாள் வைத்து, உயிர்ப்பு அடங்கியபின் குப்பையில் இடலாம். நம் வீட்டுத் தொல்லையை அடுத்த வீட்டுச் சுவருக்கு மேலே எறிவது தீர்வாகாது.

நம் கரையில்

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று நாம் இருந்துவிட முடியாது. குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. மீன்தொட்டிகளில் பாசி தின்பதற்காக வாங்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ மீனும் அக்கண்டத்தைச் சேர்ந்ததே. அது தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்ததும் குளத்தில் விடப்பட்டு, இன்று நம் ஏரிகள் சிலவற்றில் வலைஞரின் வலையைக் கிழிக்கிறது. எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் ‘காக்கா ஆழி’ என்று மீனவர் அழைக்கும் தென் அமெரிக்க மட்டி, இறால் வாழும் சேற்றை மூடிப் பரவி அவர்தம் பிழைப்பைக் கெடுக்கிறது. அது கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், தொழிலுக்காக வளர்க்கப்பட்ட ‘கப்பாஃபைகஸ்’ என்னும் அயல்நாட்டுப் பாசி, உயிருள்ள பவளங்களின்மீது படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை நமக்கென இறைவன் வைத்த பவளத் தோட்டம் அந்த மன்னார் வளைகுடா. 1986-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. முற்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும்போது பவளக் கல்லைப் பெயர்த்து வருவது விளையாட்டன்று, குற்றம். வெளிநாடுகளிலும் இன்று பலர் செயற்கைக் கல்லில் பாக்டீரியாவை வளர்த்தே தொட்டி அமைக்கின்றனர். கடலும் பிழைக்கிறது, அழையா விருந்தாளியும் குறைகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ திருமடலில், பவளப் பாறைகள் அழிந்துவருவதைச் சிறப்பாகச் சுட்டிக்காட்டினார். படைப்பைப் பேணுதல் நம் விசுவாசத்தின் ஒரு பகுதி என்பதை அவர் நமக்கு நினைவூட்டினார்.

நிறைவாக

மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வரும் வயலின் உவமையை நாம் அறிவோம். கோதுமைக்கிடையே களை முளைத்ததைக் கண்ட பணியாளர் உடனே பறிக்க விரும்பினர். களையோடு கோதுமையும் வந்துவிடுமே என்று எண்ணிய தலைவரோ அறுவடை வரை பொறுக்கச் சொன்னார். அவர் களையைக் கோதுமை என்று சொல்லவில்லை. வயலைக் கவனிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காத்திருத்தல் வேறு, கண்டும் காணாதிருத்தல் வேறு. பவளத் தொட்டி கற்பிப்பதும் இதுவே. பார், அறி, பிறகு கை வை. கை வைத்தபின், அதன் விளைவை அயலார் தலையில் சுமத்தாதே.

வகுப்பிற்குப் புதிதாக ஒரு மாணவி வருகிறாள். அவள் பேசும் விதமோ உடுத்தும் விதமோ நமக்குப் புதிது. முதல் நாளிலேயே அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். நாம் கேட்டது ஓர் ஓசை மட்டுமே. அவள் யார் என்று பார்க்க நாம் இன்னும் விளக்கெடுக்கவில்லை.

அடுத்த முறை கடையிலிருந்து நீர்ச்செடி வாங்கி வந்தால், அதனை முதலில் ஒரு வாளி நீரில் இரண்டு வாரம் வைப்போம். இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம். அங்கே கூழ்போல் ஏதேனும் ஒட்டியிருந்தால், அது என்னவென்று அறிந்தபின் முடிவு செய்வோம். வேண்டாதது எதுவாயினும் குளத்தில் மட்டும் எறியாதிருப்போம்.